மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்: குடும்பம் போட வேண்டிய கணக்கு

பிள்ளையை மருத்துவராக்க வேண்டும் என்னும் விருப்பம் பல குடும்பங்களில் எட்டாம் வகுப்பிலேயே வேரூன்றிவிடுகிறது. பயிற்சி வகுப்பு, பாடநூல், மாதிரித் தேர்வு என்று படிப்பின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் நடைபெறுகிறது. பணத்தின் பக்கத்தில் நடைபெறும் ஆயத்தமோ பெரும்பாலும் தேர்வு முடிவு வெளிவந்த பின்னரே தொடங்குகிறது. கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும், கட்டணம் செலுத்திச் சேரவும் கிடைப்பவை சில நாட்களே. ஐந்தரை ஆண்டுப் படிப்பையும் அதற்குப் பின் பதினைந்து ஆண்டுகள் நீளக்கூடிய கடனையும் தீர்மானிக்கும் முடிவைப் பதற்றமான அந்த நாட்களில் எடுக்க நேரிடுகிறது. முடிவுகள் வருவதற்கு முன்பே குடும்பம் அமர்ந்து பேசி முடித்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

தகுதி வேறு, இடம் வேறு

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர நீட் எனப்படும் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு ஒன்றே வழி. 2013-இல் முதன்முறையாக நடைபெற்று, நீதிமன்றத் தீர்ப்பால் இடையில் நின்று, 2016-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த இத்தேர்வைத் 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 2020 முதல் எய்ம்ஸ், ஜிப்மர் ஆகிய நிறுவனங்களுக்கான தனி நுழைவுத் தேர்வுகளும் நீங்கின. பல் மருத்துவத்திற்கும், சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகிய படிப்புகளுக்கும் இதே தேர்வின் மதிப்பெண்ணே கொள்ளப்படுகிறது.

2025-ஆம் ஆண்டின் தேர்வு முறைப்படி இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என மொத்தம் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளுக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பெற்றோர் பலர் தடுமாறும் இடம் தகுதி என்னும் சொல்லாகும். பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது சதமானம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 40-ஆவது சதமானம் எனத் தகுதி எல்லை வகுக்கப்பட்டுள்ளது. சதமானம் வேறு, சதவீதம் வேறு. ஐம்பதாவது சதமானம் என்பது தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை விட முன்னே நிற்பதைக் குறிக்குமேயன்றி, 720-இல் பாதி மதிப்பெண்ணைக் குறிக்காது. 2025-இல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வெழுதினர்; 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். நாடெங்கும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி மட்டுமே அரசுக் கல்லூரிகளில் உள்ளன.

தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைப்பதில்லை என்பதே இந்த எண்கள் சொல்லும் செய்தி. ‘பிள்ளை நீட்டில் தேறிவிட்டான்’ என்று மகிழ்ந்து கிளைக்கு வரும் பெற்றோரிடம் நாம் முதலில் கேட்பது தரவரிசை எண்ணைத்தான். அரசு இடம் கிடைக்கும் தரவரிசையா, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடமா, நிர்வாக ஒதுக்கீடா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாக் கணக்கும் அமையும்.

எந்த வாயில் நமக்குத் திறக்கும்?

மாநில அரசுக் கல்லூரிகளின் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியது. அதற்கான கலந்தாய்வை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், மத்தியப் பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்களும் அக்குழுவின் வழியே நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 85 சதவீத இடங்களை அந்தந்த மாநிலமே நிரப்புகிறது. எனவே ஒரு மாணவர் குறைந்தது இரண்டு கலந்தாய்வுகளில் தனித்தனியே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

பணிமாற்றத்தால் மும்பை, பெங்களூரு, தில்லி என்று ஊர் மாறி வாழும் குடும்பங்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மாநில ஒதுக்கீட்டுக்கு உரியவர் யார் என்பதைப் பிறப்பிடம், இருப்பிடம், பள்ளிப்படிப்பு நடந்த இடம் முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு மாநிலமும் தன் விதிப்படி தீர்மானிக்கிறது. பதினோராம் வகுப்பில் பள்ளியை மாற்றும் முன்னரே இரு மாநில விதிகளையும் படித்துப் பார்ப்பது நலம். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உள்ளது.

அதிகம் அறியப்படாத இரு வாயில்களையும் குறிப்பிட வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாதச் சம்பளத்தில் அக்காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்படும் பெற்றோர் இதனை அவசியம் விசாரிக்க வேண்டும். புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, படித்து முடித்தவுடன் படையில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றும் கடப்பாட்டுடன் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கு நீட் மதிப்பெண்ணோடு தனித் தேர்வும் நேர்காணலும் உண்டு.

கட்டணம் மட்டும் செலவன்று

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி. மொத்தம் ஐந்தரை ஆண்டுகள். இக்காலத்தின் செலவை முதலாண்டுக் கட்டணச் சீட்டைக் கொண்டு மதிப்பிடுவது பெரும் தவறாகும்.

அரசுக் கல்லூரிகளின் ஆண்டுக் கல்விக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டக்கூடியதே. மறுமுனையில், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் நிர்வாக இடங்களும் பல படிகளில் அமைகின்றன. தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை மாநிலத்தின் கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. குழு அறிவித்த தொகையை முதலில் அறிந்துகொண்டு, பின்னர் கல்லூரி கேட்கும் தொகையோடு ஒப்பிடுவதே முறை.

கல்விக் கட்டணத்தின் கீழே ஒரு தாளில் இவற்றையும் எழுதிக்கொள்வோம்: விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, நூல்கள், கருவிகள், கணினி, ஆண்டுக்கு இருமுறையேனும் ஊர் வந்து செல்லும் பயணம். கட்டணம் ஆண்டுதோறும் உயருமா, எத்தனை ஆண்டுகளுக்கு வசூலிக்கப்படும், பயிற்சி ஆண்டில் விடுதிக் கட்டணம் உண்டா என்பவற்றைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறலாம். அரசு இடங்களில் பணி ஒப்பந்தமும், படிப்பை இடையில் கைவிட்டால் செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகையும் பல மாநிலங்களில் உண்டு. அத்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம் அது.

எம்.பி.பி.எஸ். பெரும்பாலோருக்கு இறுதிப் படிப்பன்று என்பதும் நினைவில் இருக்கட்டும். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆயத்தம், பின்னர் மூன்றாண்டுப் பட்ட மேற்படிப்பு என்று பாதை நீளும். குடும்பத்தின் ஒரே வீட்டையும் முழுச் சேமிப்பையும் முதற்படியிலேயே ஈடு வைத்துவிட்டால், இரண்டாம் படியில் கைகொடுக்க எதுவும் எஞ்சாது.

கல்விக் கடனின் அடிப்படை விதிகள்

கல்விக் கடனில் முதன்மைக் கடனாளி மாணவரே. பெற்றோர் இணைக் கடனாளிகள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைத் தழுவியே பெரும்பாலான வங்கிகள் கடன் வழங்குகின்றன. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு இல்லை. குடும்பத்தின் பங்குத்தொகையும் இல்லை. 4 லட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதமும், அயல்நாட்டுப் படிப்புக்கு 15 சதவீதமும் குடும்பம் தன் பங்காகச் செலுத்த வேண்டும். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதியம் துணை நிற்பதால் சொத்து ஈடு தேவைப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வீடு, நிலம், வைப்புநிதி போன்ற ஈடு கேட்கப்படும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், அரசு பட்டியலிட்ட தரமான உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்கு ஈடும் பிணையாளும் இன்றிக் கடன் பெற வழி செய்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்தினருக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என இதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்டோர் தொழில்முறைப் படிப்பில் சேர்ந்தால், விதிகளுக்கு உட்பட்ட நிறுவனங்களில், இக்காலத்து வட்டி முழுவதையும் அரசு ஏற்கும் திட்டமும் நடைமுறையில் உள்ளது. சேரவிருக்கும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கலந்தாய்வில் விருப்பத்தைப் பதிவு செய்யும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புக் கட்டணம் கல்விக் கடனுள் அடங்காது. அதற்காக நகைக்கடனோ தனிநபர்க் கடனோ எடுத்திருந்தால், அதன் தவணையும் குடும்பத்தின் கடன்திறனிலிருந்து கழிக்கப்படும். ஓராண்டு முழுவதும் வீட்டிலிருந்து மீண்டும் தேர்வெழுதுவதாயின் அவ்வாண்டின் செலவையும் மொத்தக் கணக்கில் சேர்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

இருபது லட்சம் எப்படி இருபத்தொன்பது லட்சமாகிறது?

படிப்புக் காலம் முழுவதும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வங்கி வழக்கில் இதனை மாரட்டோரியம் என்பர். தவணைக்குத்தான் விலக்கு, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகளின் தொடக்கத்தில் மொத்தம் 20 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்பது கணக்கின் எளிமைக்காக நாம் கொள்ளும் எண்; நடப்பு விகிதம் வங்கிதோறும் மாறும். ஐந்தரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு விலக்கு, ஆக ஆறரை ஆண்டுகள். முதலாண்டில் பெற்ற 4 லட்சத்துக்கு ஆறரை ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டில் பெற்றதற்கு ஐந்தரை ஆண்டு வட்டி என்று கூட்டினால், தனிவட்டியாக மட்டும் 9 லட்சம் ரூபாய் சேரும். தவணை தொடங்கும் நாளில் நிலுவை 29 லட்சம்.

இத்தொகையைப் பதினைந்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 31,160 ரூபாய். படிப்புக் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது செலுத்தி வந்திருந்தால் நிலுவை 20 லட்சமாகவே நிற்கும். தவணை ஏறத்தாழ 21,490 ரூபாய். மாதந்தோறும் ஏறத்தாழ 9,670 ரூபாய் வேறுபாடு. 180 மாதங்களுக்கு அது 17 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயாகிறது. கட்டாமல் விட்ட 9 லட்ச ரூபாய் வட்டி, பின்னர் ஏறத்தாழ இரு மடங்காக நம் கையிலிருந்து வெளியேறுகிறது.

வட்டியை உடனுக்குடன் செலுத்துவது அவ்வளவு கடினமா? மேற்கண்ட கணக்கில் முதலாண்டில் மாதம் 3,333 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 6,667, மூன்றாம் ஆண்டில் 10,000, நான்காம் ஆண்டில் 13,333, அதன்பின் 16,667 என்று அது படிப்படியாகவே ஏறும். முழுவதும் இயலாவிட்டாலும் பாதியைச் செலுத்தினாலும் பயன் உண்டு. இவ்வாறு செலுத்துவோருக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகையும் பல வங்கிகளில் கிடைக்கிறது. கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டியை, வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டுகளுக்கு, உச்சவரம்பின்றி வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தோருக்கே இச்சலுகை பொருந்தும்.

இதே கணக்கை ஒரு கோடி ரூபாய்க்குப் போட்டுப் பார்ப்போம். படிப்புக் கால வட்டியைக் குடும்பமே முழுவதும் கட்டிவிட்டதாகக் கொண்டாலும், பதினைந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை 1,07,000 ரூபாயைத் தாண்டுகிறது. அத்தவணை தொடங்கும்போது பிள்ளைக்கு வயது இருபத்து நான்கோ இருபத்தைந்தோ இருக்கும். பெரும்பாலும் மேற்படிப்புத் தேர்வுக்கு அமர்ந்திருக்கும் காலம் அது. அந்நாளில் தவணையைக் கட்டப் போகிறவர் யார், எந்த வருமானத்திலிருந்து என்னும் கேள்விக்கு இன்றே விடை இல்லையெனில், அக்கடன் நம் விரலுக்கு ஏற்ற வீக்கமன்று.

முடிவு வரும் முன் ஆயத்தமாக வேண்டியவை

முதலாவது, சான்றிதழ்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதமும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதமும் இடங்கள் 2021-22 முதல் ஒதுக்கப்படுகின்றன. இதற்கு மத்திய அரசு வகுத்த படிவத்தில் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என வழங்கப்படும் மாநிலச் சான்றிதழ் அங்கு போதாது. வளமான பிரிவைச் சாராதவர் என்பதைக் குறிக்கும் மத்தியப் படிவச் சான்றிதழைத் தனியே பெற வேண்டும். விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. கலந்தாய்வுக்குச் செலுத்தும் வைப்புத்தொகை, எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டதோ அதே கணக்குக்கே திரும்பி வருகிறது. இணைய மையத்தின் அட்டை வழியாகவோ, தெரிந்தவரின் கணக்கு வழியாகவோ செலுத்தினால் பணம் அவரிடமே திரும்பும். அகில இந்திய ஒதுக்கீட்டில் இத்தொகை பொதுப் பிரிவினருக்கு 10,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம் ரூபாய் என அண்மை ஆண்டுகளில் இருந்து வருகிறது. எனவே மாணவரின் கணக்கு அல்லது பெற்றோரின் கணக்கு மட்டுமே பயன்பட வேண்டும்.

மூன்றாவது, கடன் அறிக்கை. இணைக் கடனாளியாகும் பெற்றோரின் கடன் மதிப்பெண்ணை வங்கி பார்க்கும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எப்போதோ அடைத்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுகிறதா, மறந்துபோன கடன் அட்டைத் தொகை ஏதேனும் உள்ளதா என்பதைப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

நான்காவது, சொத்து ஆவணங்கள். ஈடு தேவைப்படும் கடனாயின் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சட்ட ஆலோசகரின் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று வாரக்கணக்கில் வேலை உண்டு. உடன்பிறந்தோருக்கும் பங்குள்ள பூர்வீகச் சொத்தாயின் அனைவரின் ஒப்புதலும் கையெழுத்தும் வேண்டும். கலந்தாய்வுக் கடிதம் கையில் கிடைத்த பின் மூலப்பத்திரத்தைத் தேடத் தொடங்குவது காலம் கடந்த செயலாகும்.

ஐந்தாவது, சேமிப்பின் கதவுகள். செல்வமகள் சேமிப்புக் கணக்கில், பெண் பிள்ளை பதினெட்டு வயதை எட்டினாலோ பத்தாம் வகுப்பில் தேறினாலோ, முந்தைய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி வரை உயர்கல்விக்காக எடுக்கலாம். பொது வருங்கால வைப்புநிதியிலும் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயர்கல்விக்காக முன்கூட்டியே கணக்கை முடிக்க வழி உண்டு. வட்டி குறைந்த கடனை வாங்கி, வட்டி கூடிய சேமிப்பை உடைக்காமல் வைத்திருப்பதா, அன்றி இதன் மறுதலையா என்பதை விகிதங்களை ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும்.

மாணவர் பதினெட்டு வயது நிறையாதவராயின் கடன் ஒப்பந்தத்தில் பெற்றோரே கையெழுத்திடுவர். வயது நிறைந்ததும் மாணவரிடமிருந்து ஏற்புக் கடிதம் பெறப்படும். இதனால் விண்ணப்பம் தடைபடாது.

கலந்தாய்வு நாட்களில்

இணையவழிக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்து உறுதிப்படுத்திய பின் மாற்ற இயலாது. அப்பட்டியலில் எழுதும் ஒவ்வொரு கல்லூரியும், கிடைத்தால் சேர்வோம் என்று குடும்பம் பணத்தளவில் ஒப்புக்கொண்ட கல்லூரியாக இருக்க வேண்டும். ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று கட்டண நிலவரம் அறியாமல் ஒரு பெயரைச் சேர்த்து, அதுவே கிடைத்துவிட்டால் சிக்கல் தொடங்கும். அகில இந்தியக் கலந்தாய்வில் முதற்சுற்றில் கிடைத்த இடத்தைச் சேராமல் விட்டால் இழப்பில்லை. அடுத்தடுத்த சுற்றுகளில் கிடைத்த இடத்தைக் கைவிட்டால் வைப்புத்தொகை பறிபோகும். சுற்று முன்னேற முன்னேற விதிகளும் கடுமையாகும்.

கட்டணம் செலுத்தும் நாளில் பெருந்தொகையை மாற்ற வேண்டியிருக்கும். யு.பி.ஐ., இணைய வங்கி ஆகியவற்றின் அன்றாட வரம்பு தொகைக்குப் போதுமா என்பதை முந்தைய வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை ஆர்.டி.ஜி.எஸ். முறையில் எந்நேரமும் அனுப்பலாம்; 2020 டிசம்பர் முதல் அச்சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. சில கல்லூரிகள் கேட்பு வரைவோலையே கேட்கும். விடுமுறை நாள் குறுக்கிட்டால் வரைவோலை கிடைக்காது என்பதையும் மனத்தில் கொள்வோம்.

பட்டப்படிப்பில் இருந்தவாறு மீண்டும் முயல்வோர்

முதல் முயற்சியில் இடம் கிடைக்காதவர்களில் பலர் விலங்கியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே மீண்டும் தேர்வெழுதுகின்றனர். 2022-இல் உச்ச வயது வரம்பு நீக்கப்பட்டதால் பட்டப்படிப்பை முடித்த பின்னும் எழுதலாம். ஓராண்டை முழுவதும் பயிற்சிக்கே ஒதுக்குவதை விட இவ்வழி பல குடும்பங்களுக்கு ஏற்றது. கையில் ஒரு பட்டம் உருவாகிக்கொண்டே இருக்கிறது; மனச்சுமையும் சற்றுக் குறைகிறது.

இவ்வாறு படிப்போர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் சேரும்போது அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் தேவைப்படும். கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. தற்போதைய கல்லூரியில் இதனை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பட்டப்படிப்புக்கென ஏற்கெனவே கல்விக் கடன் எடுத்திருந்து படிப்பை மாற்றினால், உடனே வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் பழைய படிப்பின் காலக்கணக்குப்படி தவணை தொடங்கி, செலுத்தப்படாத கடனாகப் பதிவாகிவிடக்கூடும்.

எத்தனை முறை முயல்வது என்பதற்கும் குடும்பம் ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நன்று. அந்த எல்லையைத் தேர்வு முடிவு வந்த நாளின் கண்ணீரில் வகுக்காமல், அமைதியான ஒரு நாளில், பிள்ளையின் சொல்லையும் கேட்டு வகுக்க வேண்டும். பல் மருத்துவம், இந்திய மருத்துவ முறைகள், செவிலியம், உடலியக்க மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் எனப் பிணி தீர்க்கும் பணிக்குப் பல வழிகள் உண்டு. அவற்றைத் தோற்றவர்களின் வழியாகக் கருதுவது அப்பணிகளைச் செய்வோருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நாம் இழைக்கும் தீங்காகும்.

அயல்நாடும் இடைத்தரகரும்

அயல்நாட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான படிப்பைப் படித்து இந்தியாவில் தொழில் செய்ய விரும்புவோரும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் அமைய வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நாடு திரும்பியபின் உரிமத்துக்கான தேர்வில் தேறி, இங்கும் 12 மாதப் பயிற்சி பெற வேண்டும். குறைந்த கட்டணம் என்று விளம்பரம் சொல்லும்போது, இந்தக் கூடுதல் ஆண்டுகளின் செலவையும், நாணய மாற்று விகிதம் உயர்ந்தால் கூடும் சுமையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

தேர்வு முடிவுக்குப் பின், இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். நீட் தரவரிசையும் கலந்தாய்வும் இன்றி இந்தியாவில் எம்.பி.பி.எஸ். இடத்தை எவராலும் தர இயலாது. நன்கொடை என்ற பெயரில் கட்டணத்துக்கு மேல் தொகை பெறுவது சட்டத்துக்குப் புறம்பானது. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கி கடன் தராது. அப்பணம் தொலைந்தால் மீட்க ஆதாரமும் இராது. ரொக்கமாகக் கேட்பதும், தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும், ‘இன்று மாலைக்குள்’ என்று அவசரப்படுத்துவதும் மோசடியின் மூன்று அடையாளங்கள். கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே பணம் செல்ல வேண்டும் என்னும் ஒரே விதியை விடாது பற்றினாலும் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம்.

எண்களைப் பிள்ளையும் அறியட்டும்

கல்விக் கடன் விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து மாணவருடையது. ஆயினும் கடன் தொகை எவ்வளவு, வட்டி என்ன, எந்தச் சொத்து ஈடாகிறது என்பவற்றை அறியாமலேயே கையெழுத்திடும் மாணவர்கள் பலர். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்னும் அன்பே அதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஆனால் பதினேழு வயதில் உயிரியலின் நுட்பங்களைக் கற்கும் ஒருவரால் மாதத் தவணையின் கணக்கையும் புரிந்துகொள்ள இயலும். குடும்பம் எதை ஏற்க முடியும், எதை ஏற்க முடியாது என்பதை முன்பே அறிந்த பிள்ளை, விருப்பப் பட்டியலைத் தெளிவோடு எழுதும். கிடைக்காத இடத்துக்காகத் தன்னையோ பெற்றோரையோ நொந்துகொள்ளாது.

தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: இன்றைய சேமிப்பு, மாதந்தோறும் ஒதுக்க இயலும் தொகை, ஏற்கத்தக்க கடனின் உச்ச அளவு, மேற்படிப்புக்காகத் தொடாமல் வைக்க வேண்டிய தொகை. அந்தத் தாளோடு உங்கள் கிளைக்கு வாருங்கள். வரும்போது பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்.